பரிசும் வேண்டும், வாங்குவோரும் வேண்டும்

பெங்களூரின் பிரேசர் டவுனில் மொட்டை மாடிகளைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு ஒரு காட்சி திரும்பத் திரும்பத் தென்படும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்ட கண்ணாடிப் பலகையும், அதன் தலையில் படுத்திருக்கும் உருளையுமாக ஒரு சோலார் ஹீட்டர். இக்கருவியைப் பரவலாக்கியதற்காக எவருக்கும் பொன்னாடை போர்த்தப்படவில்லை. 2007இல் கர்நாடக அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட பரப்பளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகள் சோலார் ஹீட்டர் பொருத்தினால்தான் மின் இணைப்பு கிடைக்கும் என்பது அந்த விதி. பொருத்தியவர்களுக்கு மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 காசு, மாதத்துக்கு அதிகபட்சமாக 50 ரூபாய் தள்ளுபடியும் அளிக்கப்பட்டது. அவ்வளவுதான். காலை நேரத்து கீசர்களின் சுமை மின்வாரியத்துக்குக் குறைந்தது. கருவி செய்யும் சிறு தொழிற்கூடங்களுக்கு நிலையான சந்தை கிடைத்தது.

1898இல் பெங்களூரைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பிறகு, நெரிசலான கண்டோன்மென்ட் தெருக்களிலிருந்து மக்களை வெளியே கொண்டுவருவதற்காகத் திட்டமிடப்பட்டு, 1910இல் உருவான குடியிருப்பு பிரேசர் டவுன். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1988இல் புலிகேசி நகர் என்று பெயர் மாற்றப்பட்ட பின்னும் தமிழர்களின் நாவில் அது பிரேசர் டவுன்தான். பெருநிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் நிறைந்த எலெக்ட்ரானிக் சிட்டியோ வொயிட்ஃபீல்டோ அல்ல இது. மாஸ்க் ரோட்டு உணவகங்கள், பேக்கரிகள், பழுதுபார்க்கும் கடைகள், வாடகை வீடுகள், ஆட்டோக்காரர்கள் என எரிசக்தியை அன்றாடம் விலை கொடுத்து வாங்கும் மக்கள் வாழும் பகுதி. தூய எரிசக்திக் கண்டுபிடிப்புக்காகத் தில்லி ஒதுக்கும் பணம் இங்குவரை வந்து சேருமா என்பதே இப்போது எழுப்பப்பட வேண்டிய கேள்வி.

அந்தப் பணம் சிறியதன்று. ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கம் ஆகியவற்றுக்காக ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று தில்லியில் பிரதமர் நரேந்திர மோடி அதைத் தொடங்கி வைத்தார். எரிசக்திப் பாதுகாப்பும் எரிசக்தி மாற்றமும் இத்திட்டத்தின் முன்னுரிமைத் துறைகளில் அடங்கும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் இதற்கென 20,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதத்தை மட்டுமே ஆராய்ச்சிக்குச் செலவிட்டுவந்த தேசத்தில், அதிலும் தனியார் துறை தன் பங்கைச் செலுத்தத் தயங்கும் சூழலில், இது வரவேற்கத்தக்க முயற்சி என்பதில் ஐயமில்லை.

ஆனால் பணம் எந்த வழியாக எவரிடம் செல்கிறது என்பதைச் சற்று உற்று நோக்க வேண்டும். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கீழ் ஒரு சிறப்பு நிதி. அதிலிருந்து இரண்டாம் நிலை நிதி மேலாளர்களுக்கு. அவர்கள் வழியாக நிறுவனங்களுக்கு. பெரும்பாலும் வட்டியில்லாத அல்லது குறைந்த வட்டியிலான நீண்ட காலக் கடனாகவும், புதிய நிறுவனங்கள் என்றால் பங்கு முதலீடாகவும் பணம் செல்லும். ஆய்வகத்தில் ஓரளவு நிரூபிக்கப்பட்ட, அதாவது நான்காம் நிலைத் தயார்நிலையை எட்டிய தொழில்நுட்பங்களுக்கே இது கிடைக்கும். கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தும் வலிமை உள்ளவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரு பட்டறையில் கையிலிருக்கும் சேமிப்பைப் போட்டு மாதிரிக் கருவி செய்துகொண்டிருப்பவருக்கும், கல்லூரி ஆய்வகத்தில் முதல் சோதனையைத் தாண்டாத மாணவர் குழுவுக்கும் இந்தக் கதவு திறக்காது. அவர்களுக்குத் தேவை கடனன்று. முதலில் சிறு மானியம், அடுத்து வெற்றி பெற்றால் பரிசு, அதற்கும் மேலாக, செய்த பொருளை வாங்கிக்கொள்ள ஒருவர்.

தூய எரிசக்தி ஆராய்ச்சிக்கென்று நிதி திரட்டியதில் இந்தியாவுக்குக் கசப்பான முன்னனுபவம் உண்டு. 2010-11 நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி விதித்தார். தூய எரிசக்தித் தொழில்நுட்பங்களில் ஆராய்ச்சிக்கும் புதுமையான திட்டங்களுக்கும் பணம் தருவதற்காக 'தேசியத் தூய எரிசக்தி நிதியம்' அமைக்கப்படும் என்பது அப்போது தரப்பட்ட வாக்குறுதி. மாசுபடுத்துவோர் செலுத்தும் பணத்தில் மாற்று எரிசக்தி வளர்வது, கருத்தளவில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. மேல்வரி 2014இல் 100 ரூபாய், 2015இல் 200 ரூபாய், 2016இல் 400 ரூபாய் என எட்டு மடங்காயிற்று. 2010-11 முதல் 2017-18 வரை வசூலான தொகை 86,440 கோடி ரூபாய். அதில் நிதியத்துக்கு மாற்றப்பட்டது 29,645 கோடி. அதிலும் திட்டங்களுக்குச் சென்றது 15,911 கோடி மட்டுமே. அதாவது, வசூலித்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய 18 ரூபாய். 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, நிலக்கரி மீதான 400 ரூபாய், மாநிலங்களுக்கான இழப்பீட்டு மேல்வரியாக உருமாறியது. மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்ட வேண்டியது அவசியமே. ஆனால் ஒரு நோக்கத்துக்காக மக்களிடம் பெற்ற வரி வேறொரு நோக்கத்துக்குத் திருப்பப்பட்டது குறித்து நாடாளுமன்றத்தில் நடந்த விவாதம் மிகவும் சொற்பம். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த மேல்வரியும் நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான வரி விகிதம் 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. தூய எரிசக்திக்கென்று பெயரளவில்கூட அதில் எதுவும் மிஞ்சவில்லை.

அனல் மின் நிலையங்களை நம்பியிருக்கும் தமிழகமும் கர்நாடகமும் எரித்த ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் இந்த வரி செலுத்தப்பட்டது. இறுதியில் அது மின் கட்டணத்தில்தான் வந்து சேர்ந்தது. தூத்துக்குடியிலும் ராய்ச்சூரிலும் செலுத்திய பணம் எந்தக் கண்டுபிடிப்பாகத் திரும்பி வந்தது என்று கேட்கும் உரிமை இரு மாநில மக்களுக்கும் உண்டு.

ஒதுக்கீட்டின் உள்விகிதங்களும் கவலை தருகின்றன. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த மதிப்பீடு 19,744 கோடி ரூபாய். இதில் உற்பத்திக்கும் மின்பகுப்புக் கருவித் தயாரிப்புக்குமான ஊக்கத்தொகை 17,490 கோடி. முன்னோடித் திட்டங்களுக்கு 1,466 கோடி. ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு 400 கோடி, அதாவது நூற்றுக்கு இரண்டு. தொழில்நுட்பத்தை வெளியிலிருந்து வாங்கிவந்து உள்நாட்டில் பூட்டுவதே நோக்கம் என்றால் இந்த விகிதம் போதும். மேம்பட்ட மின்கலங்களுக்காக 2021இல் அறிவிக்கப்பட்ட 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டமும் இதே வழியில்தான் சென்றது. 50 கிகாவாட் மணி உற்பத்தித் திறன் என்ற இலக்கு குறித்த காலத்தில் எட்டப்படவில்லை. உற்பத்தி செய்தால் பணம் தருகிறோம் என்றது அரசு. உற்பத்தி செய்யத் தேவையான வேதியியல் அறிவையும் எந்திரங்களையும் கடல் கடந்துதான் வாங்க வேண்டியிருந்தது.

இந்தச் சூழலில்தான் பரிசுகளைப் பற்றிய பேச்சு முக்கியத்துவம் பெறுகிறது. இன்ன செயல்திறன், இன்ன விலை, இன்ன தேதிக்குள் எட்டுபவருக்கு இவ்வளவு தொகை என்று அறிவிப்பதில் அரசுக்குச் சில வசதிகள் உள்ளன. தோற்றவருக்குப் பணம் தர வேண்டியதில்லை. யார் வெல்வார் என்று அதிகாரிகள் முன்கூட்டியே ஊகிக்க வேண்டியதில்லை. அறியப்படாதவர்களும் களத்தில் இறங்கலாம். கடலில் தீர்க்கரேகையைக் கணக்கிடும் வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு என்று 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அறிவித்தபோது, வானியல் மேதைகள் எவரும் எதிர்பாராத வகையில் விடை தந்தவர் ஜான் ஹாரிசன் என்ற தச்சர். கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்டவர். ஆயினும் அவருக்கு உரிய தொகையின் எஞ்சிய பகுதி 1773இல், அவரது எண்பதாவது வயதில்தான் கைக்கு வந்தது. நடுவர்கள் நிபந்தனைகளை மாற்றிக்கொண்டே போனால் பரிசு தண்டனையாகிவிடும் என்பதும் அதே வரலாற்றில் உள்ள செய்தி.

இந்தியாவே முன்னின்று நடத்திய பரிசு ஒன்றும் உண்டு. 2018 நவம்பரில் தில்லியில் 'உலகக் குளிரூட்டல் பரிசு' அறிவிக்கப்பட்டது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, அமெரிக்காவின் ராக்கி மவுன்டன் இன்ஸ்டிடியூட், 'மிஷன் இன்னோவேஷன்' என்ற பன்னாட்டு அமைப்பு ஆகியவை இதில் கைகோத்தன. மொத்தப் பரிசு 30 லட்சம் டாலர். வழக்கமான அறைக் குளிர்சாதனத்தைவிட ஐந்து மடங்கு குறைவான பருவநிலைப் பாதிப்பு. பெருமளவில் தயாரிக்கும்போது விலை இரு மடங்குக்கு மிகாமை. இவையே முக்கிய நிபந்தனைகள். இறுதிச் சுற்றுக்கு எட்டு அணிகள் தேர்வாகி, மாதிரிக் கருவி செய்யத் தலா இரண்டு லட்சம் டாலர் பெற்றன; இந்தியாவின் கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ் நிறுவனம் ஏ.டி.இ. நிறுவனத்துடன் இணைந்து அவற்றுள் இடம்பெற்றது. 2021 ஏப்ரலில் முடிவு வெளியானபோது முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவை ஜப்பானின் டைக்கின், நிக்கென் செக்கேய் அணியும், சீனாவின் கிரீ, சிங்குவா பல்கலைக்கழக அணியும்.

இந்திய மண்ணின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளவுகோலாக வைத்து நடந்த போட்டியில் வென்றவை ஏற்கெனவே உலகச் சந்தையை ஆளும் நிறுவனங்கள். இதில் முறைகேடு ஏதுமில்லை. அவர்களது கருவிகள் நிபந்தனைகளை நிறைவேற்றின. இங்கே தோற்றது போட்டியாளர்கள் அல்லர், போட்டிக்குப் பின் இருந்திருக்க வேண்டிய திட்டம். பரிசளிப்பு முடிந்ததும், அத்தகைய கருவிகளை லட்சக்கணக்கில் வாங்குகிறோம் என்று மத்திய அரசோ மாநிலங்களோ ஓர் ஆணை பிறப்பித்திருந்தால், நகரத்துக் கடைகளில் அவை இன்று சாதாரணப் பொருளாகியிருக்கும். இந்தியாவின் குளிரூட்டல் தேவை 2037-38க்குள் எட்டு மடங்காகும் என்று 2019இல் வெளியான மத்திய அரசின் குளிரூட்டல் செயல்திட்டமே கணித்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இழந்த வாய்ப்பின் அளவு புரியும். அமெரிக்காவிலும் இப்படி நடந்ததுண்டு. மின்சாரம் மிச்சப்படுத்தும் குளிர்பதனப் பெட்டிக்காக மின் நிறுவனங்கள் சேர்ந்து வைத்த மூன்று கோடி டாலர் போட்டியில் 1993இல் வேர்ல்பூல் வென்றது. பெட்டி தயாராயிற்று, எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, சில ஆண்டுகளில் தயாரிப்பு நிறுத்தப்பட்டது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இந்தியாவிலேயே இருக்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தில் எல்இடி பல்புகளுக்குப் பரிசும் இல்லை, மானியமும் இல்லை. மத்திய அரசின் ஈஇஎஸ்எல் நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகிக்கப்பட்டன. பிரேசர் டவுனின் பெட்டிக்கடையில் இன்று குண்டு பல்பு கேட்பவர் அரிது. ஆயினும் அந்த பல்பின் உயிர்நாடியான சில்லு இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொள்முதல் மட்டும் இருந்து ஆராய்ச்சி இல்லையென்றால் விலை குறையும், அறிவு வளராது. பரிசு மட்டும் இருந்து கொள்முதல் இல்லையென்றால் கருவி கண்காட்சியோடு நின்றுவிடும்.

வாங்குவோரை முதலில் உறுதிசெய்துகொண்டு புதுமையில் இறங்கும் வழியை அறிய வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902இல் தொடங்கிய மின் உற்பத்தியே அதற்குச் சான்று. மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் அந்தத் துணிச்சலான திட்டத்தில் சமஸ்தானத்தின் பணத்தைப் போட முன்வந்ததற்குக் காரணம், கோலார் தங்க வயல் நிறுவனத்தார் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள முன்பே ஒப்பந்தம் செய்திருந்ததுதான். ஏறத்தாழ 92 மைல் நீளத்துக்கு, அக்காலத்தில் உலகின் மிக நீண்ட கம்பித் தடங்களுள் ஒன்றின் வழியாக மின்சாரம் சென்றது. அது சென்று சேர்ந்த சுரங்கங்களின் அடியாழத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தன. திவான் அதைக் காண இல்லை, 1901லேயே மறைந்துவிட்டார்.

பின்னாளிலும் இந்நகரம் இத்துறையில் சோடை போகவில்லை. இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் 'அஸ்த்ரா' என்ற ஊரகத் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கிய அமுல்ய ரெட்டி, புகை குறைந்த அடுப்பையும் சாண எரிவாயுவையும் ஆய்வகப் பொருளாக மதித்த முதல்வர்களுள் ஒருவர். துமகூரு மாவட்டத்தின் புரா கிராமத்தில் சமுதாய எரிவாயுக் கலம் 1987 முதல் மின்சாரம் தந்து, தண்ணீர் இறைத்து, விளக்கேற்றியது. 2000ஆம் ஆண்டின் வால்வோ சுற்றுச்சூழல் பரிசு அவருக்கும் மேலும் மூவருக்கும் வழங்கப்பட்டது. ஹரீஷ் ஹாண்டே 1995இல் தொடங்கிய செல்கோ நிறுவனம் 2005லும் 2007லும் பிரிட்டனின் ஆஷ்டன் விருதைப் பெற்றது. 2011இல் மகசேசே விருது ஹாண்டேயைத் தேடி வந்தது. செல்கோவின் புதுமை சூரிய மின் பலகையில் இல்லை. தெருவோர வியாபாரியின் அன்றாட வருமானத்துக்கு ஏற்பத் தவணையை அமைத்து, வங்கி மேலாளரை அதற்குச் சம்மதிக்க வைத்ததில்தான் இருந்தது. இந்த வகைப் புதுமையை அடையாளம் கண்டு கௌரவித்தவர்கள் லண்டனிலும் மணிலாவிலும் இருந்தார்கள் என்பது தில்லிக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

ஏத்தர் எனர்ஜியின் கதையும் கவனிக்கத்தக்கது. சென்னை ஐஐடியில் படித்த இரு இளைஞர்கள் 2013இல் தொடங்கிய நிறுவனம் அது. ஐஐடியின் தொழில் வளர்ப்பகமும் மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியமும் தொடக்க காலத்திலேயே கைகொடுத்தன. பெரிய முதலீட்டாளர்கள் பின்னர்தான் வந்தார்கள். 2018இல் பெங்களூரில் முதல் ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது. 2021இல் தொழிற்சாலை ஓசூருக்கு வந்தது. சென்னையில் விதை, பெங்களூரில் வளர்ச்சி, ஓசூரில் உற்பத்தி. காவிரிக்காக முட்டிக்கொள்ளும் இரு மாநிலங்கள் இந்தச் சங்கிலியைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மாநில அரசுகளின் போக்கிலும் முரண்பாடு உண்டு. கூரைமேல் சூரிய மின்சாரத்துக்குக் கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் யூனிட்டுக்கு 9 ரூபாய் 56 காசு என்று தாராளமாக விலை நிர்ணயித்தது. 2016இல் விலையைக் குறைத்தது. 2023 முதல் 'கிருக ஜோதி' திட்டத்தில் வீடுகளுக்கு 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். மறுபுறம், 2024இல் தொடங்கிய 'பிரதமரின் சூர்ய கர்' திட்டத்தில் கூரையில் பலகை பொருத்த மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. மின் கட்டணமே இல்லாத குடும்பம் எதற்காகக் கையிலிருந்து மீதிப் பணத்தைப் போட்டுப் பலகை வாங்கும்? ஏழைக் குடும்பத்துக்கு இலவச மின்சாரம் தருவதைக் குறைகூற இயலாது. இலவச யூனிட்டுகளுக்காகப் பெஸ்காமுக்கு அரசு ஆண்டுதோறும் தரும் தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு அதே வீடுகளின் கூரைகளில் பலகை அமைத்துவிட்டால், இலவசமும் தொடரும், சுமையும் குறையும். வாடகை வீட்டுக்காரருக்கும் பல மாடிக் குடியிருப்புக்கும் பொருந்தும் எளிய ஏற்பாட்டை வடிவமைப்பவருக்கு ஒரு பரிசு அறிவித்தால் அது பயனுள்ள பரிசாக இருக்கும்.

போட்டிக்கான கேள்விகள் இத்தகைய தெருக்களிலிருந்துதான் எழ வேண்டும். மாஸ்க் ரோட்டில் கபாப் சுடும் கரி அடுப்புக்கு, சுவையும் வேகமும் கெடாமல், சமையல்காரர் ஏற்கக்கூடிய மின் மாற்று உண்டா? மின்தடையின்போது டீசல் ஜெனரேட்டர் இல்லாமல் இறைச்சிக் கடையின் குளிர்பதனப் பெட்டியை ஆறு மணி நேரம் காக்கும் மின்கலம் எந்த விலையில் சாத்தியம்? பயணிகளை இறக்கிவிட்டு ஆட்டோ ஓட்டுநர் இரண்டு நிமிடத்தில் மின்கலம் மாற்றிக்கொள்ள எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு எது? இவற்றுக்கு விடை கண்டால் பாண்டி பஜாரிலும் மதுரை விளக்குத்தூண் பகுதியிலும் அதே கருவி விற்கும். அணு இணைவைப் போன்ற பெருங்கனவுகளுக்குப் பணம் வேண்டாம் என்பதன்று. அவற்றுக்குப் பேசுவோர் தில்லியில் நிறையவே இருக்கிறார்கள்.

நடைமுறையில் முட்டுக்கட்டையாக நிற்பது பெரும்பாலும் பரிசுத் தொகையின் அளவன்று. சான்றிதழுக்கான சோதனைக் கட்டணமும், சோதனைக்கூடத்தில் முறை வரும்வரை காத்திருக்கும் மாதங்களும், 'மூன்றாண்டு அனுபவம் உண்டா, இவ்வளவு கோடி விற்றுமுதல் உண்டா' என்று கேட்கும் டெண்டர் நிபந்தனைகளுமே. மத்திய அரசுக் கொள்முதலில் புதிய நிறுவனங்களுக்கு இந்நிபந்தனைகள் 2016 முதல் தளர்த்தப்பட்டுள்ளன. மின் விநியோக நிறுவனங்களும் மாநகராட்சிகளும், உண்மையான வாங்குவோராகிய இவர்களும், அந்தத் தளர்வை முழு மனத்தோடு பின்பற்ற வேண்டும். போட்டியில் வென்ற கருவிக்குச் சோதனைக் கட்டணத்தை அரசே ஏற்பதும், குறைந்தது சில ஆயிரம் எண்ணிக்கைக்குக் கொள்முதல் ஆணை தருவதும் பரிசின் பகுதியாகவே அறிவிக்கப்படலாம்.

ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தின் விதிகளில் இதற்கு இடம் காண்பது கடினமன்று. கடனுக்கும் பங்கு முதலீட்டுக்கும் போக, மிகச் சிறிய ஒரு பங்கை, நூற்றுக்கு இரண்டு என்றே வைத்துக்கொண்டாலும், 2,000 கோடி ரூபாயை, பரிசுக்கும் முதல்நிலை மானியத்துக்கும் ஒதுக்கலாம். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு சென்றது, அதில் சிறு நிறுவனங்கள் எத்தனை, அரசு வாங்கிய பொருள்கள் எத்தனை என்ற கணக்கை ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையோடு நாடாளுமன்றத்தின் முன் வைக்க அறிவியல் தொழில்நுட்பத் துறை கடமைப்பட்டிருக்கிறது. நிலக்கரி மேல்வரி விஷயத்தில் கோட்டைவிட்ட தமிழக, கர்நாடக உறுப்பினர்கள் இந்தக் கணக்கையாவது முதலாண்டிலிருந்தே கேட்டுப் பெற வேண்டும்.